சோலோ வரும்போது கிட்டார் மேலே எழ: ஆம்ப்ளிஃபயருக்குக் கால் சுவிட்ச் வால்யூம் பூஸ்ட் சேர்க்கும் முழு வழிகாட்டி

கொடை விழா மேடையிலோ, சபையின் அசனப் பண்டிகை இன்னிசையிலோ லீட் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். பல்லவி முழுக்கப் பாடகருக்கு அடியில் அடங்கி வாசிக்க வேண்டும். இரண்டாவது பிஜிஎம் (பாட்டுக்கு நடுவே வரும் இசை) வந்ததும் எட்டு பாருக்கு, அதாவது எட்டு தாளச் சுற்றுக்கு, கிட்டார் தனியாக நிற்க வேண்டும். கீபோர்டு ஸ்ட்ரிங்ஸ், ரிதம் பேட், தபேலா எல்லாவற்றையும் தாண்டி அது கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். குனிந்து ஆம்ப்பின் வால்யூமைத் திருகப் போனால் முதல் பார் போய்விடும். திரும்ப இறக்க மறந்துவிட்டால் சரணத்தில் பாடகரின் குரல் அமுங்கிவிடும்.

விலை கூடிய ஆம்ப்களில் இதற்கு வசதி உள்ளேயே இருக்கிறது. மெசா பூகியின் மூன்று சேனல் டூயல் ரெக்டிஃபயரில் ‘சோலோ’ என்றே ஒரு தனி நாப் உண்டு. மார்ஷல் ஜேவிஎம் 410-இல் இரண்டு மாஸ்டர் வால்யூம் இருக்கிறது; காலாலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். நம்மிடம் இருக்கும் 20, 30 வாட் ஆம்ப்பில் அது இல்லை. ஆனால் அந்த இரண்டும் செய்கிற வேலையை ஒரு பாட் (திருகினால் மின்தடை மாறும் பொட்டன்ஷியோமீட்டர்), ஒரு ரெசிஸ்டர், ஒரு கால் சுவிட்ச், இரண்டு ஜாக் கொண்டு நாமே செய்துவிடலாம். ஆம்ப்பைத் திறக்கவே வேண்டாம்.

எந்த இடத்தில் ஏற்றுவது

பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன், தூத்துக்குடி என்று எங்கே கேட்டாலும் முதலில் கிடைக்கும் யோசனை, “ஒரு பூஸ்டர் பெடல் வாங்கி கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் போடு” என்பதுதான். ஆம்ப் கிளீனாக, அதாவது கரகரப்பில்லாமல், இருந்தால் அது வேலை செய்யும். டிஸ்டார்ஷன் சேனலில் இருந்தால் செய்யாது. காரணம் எளிது. டிஸ்டார்ஷன் என்றாலே சிக்னலின் தலை வெட்டுப்பட்டுவிட்டது என்று பொருள். ப்ரீஆம்ப், அதாவது ஆம்ப்பின் முதல் பகுதி, ஏற்கெனவே ஒரு உயரத்துக்கு மேல் போக முடியாமல் வெட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் நீங்கள் இரண்டு மடங்கு சிக்னல் கொடுத்தாலும் வெளியே வரும் உயரம் ஏறக்குறைய அதேதான். கூடுவது கரகரப்பும் சஸ்டெயினும் (ஸ்வரம் நீண்டு நிற்பது) மட்டுமே. மேடையில் வாசிப்பவருக்கு “ஏதோ கூடியிருக்கிறது” என்று தோன்றும். கீழே உட்கார்ந்திருப்பவருக்குக் கிட்டார் இன்னும் குழைந்துபோய்க் கேட்கும்.

கிட்டாரின் வால்யூமை ஏழில் வைத்து வாசித்து சோலோவுக்குப் பத்துக்கு ஏற்றும் பழைய வழக்கத்திலும் இதே கதைதான். கிளீனில் வால்யூம் ஏறும். டிஸ்டார்ஷனில் ஏறுவது கெய்ன், அதாவது கரகரப்பு.

ஆகவே ஏற்ற இறக்கம் டிஸ்டார்ஷனுக்குப் பிறகு, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்கு முன்னால் நடக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஆம்ப்பின் பின்புறத்திலேயே வாசல் இருக்கிறது. ‘எஃபெக்ட்ஸ் லூப்’ என்று போட்டு, ‘சென்ட்’, ‘ரிட்டர்ன்’ என இரண்டு துளைகள் இருக்கும். ப்ரீஆம்ப்பின் வேலை முடிந்து சிக்னல் சென்ட் வழியே வெளியே வந்து, ரிட்டர்ன் வழியே பவர் ஆம்ப்புக்குப் போகிறது. நம் பெட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உட்கார வேண்டும்.

ஏற்ற வேண்டாம், மற்ற நேரத்தில் இறக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: சோலோ வால்யூம்தான் ஆம்ப்பின் உண்மையான வால்யூம். பாட்டுக்கு நடுவே வாசிக்கும் ரிதம் வால்யூம், அதிலிருந்து குறைத்து எடுத்தது.

இப்படி மாற்றி யோசித்தால் பெட்டிக்குள் டிரான்சிஸ்டரோ ஐசியோ தேவையில்லை. சிக்னலைக் குறைக்க ஒரு பாட் போதும். கரண்ட் இல்லாமலும் ஓடும். பேட்டரி தீர்ந்து நடுப்பாட்டில் சத்தம் நிற்கிற பயமும் இல்லை. பெட்டியால் இரைச்சலும் அதிகமாகாது. கால் சுவிட்ச் அந்தப் பொட்டன்ஷியோமீட்டரைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழி, அவ்வளவுதான்.

உங்கள் ஆம்ப் இதற்கு ஏற்றதா

பெட்டி கட்டும் முன் ஒரு சோதனை. ஒரு சின்ன கேபிளை எடுத்து சென்டிலிருந்து நேராக ரிட்டர்னுக்குக் குத்துங்கள். சத்தம் முன்பிருந்த மாதிரியே வந்தால் லூப் சரியாக இருக்கிறது. அப்புறம் சென்ட் முனையை மட்டும் உருவிவிட்டு ரிட்டர்னில் கேபிளை அப்படியே விடுங்கள். சத்தம் முழுதாக நின்றால் அது சீரிஸ் லூப் (சிக்னல் முழுவதும் லூப் வழியாகவே போவது). நமக்கு வேண்டியது அதுதான். பாதி சத்தம் தொடர்ந்து கேட்டால் அது பேரலல் லூப். அதில் ஒரு பகுதி சிக்னல் லூப்புக்குள் வராமலே போகிறது. நாம் எவ்வளவு குறைத்தாலும் அந்தப் பகுதி குறையாது. அந்த வகையில் ‘மிக்ஸ்’ என்று ஒரு நாப் இருந்தால் முழுக்கத் திருகி நூறு சதவீதத்தில் வையுங்கள், சரியாகிவிடும்.

சின்ன ஆம்ப்களில் ‘லைன் அவுட்’, ‘ஆக்ஸ் இன்’ என்று இரண்டு துளை இருப்பதைப் பார்த்து லூப் என்று நினைத்துவிட வேண்டாம். ஆக்ஸ் இன் உள்ளே வரும் பாட்டைக் கிட்டாரோடு கலக்க மட்டும் செய்யும், கிட்டார் சிக்னலை மறித்து வெளியே அனுப்பாது.

ஆம்ப் எப்போதும் கிளீனில்தான், டிஸ்டார்ஷன் எல்லாம் பெடலில் இருந்துதான் என்றால் லூப்பே வேண்டாம். பெட்டியை டிஸ்டார்ஷன் பெடலுக்குப் பின்னால், ஆம்ப் இன்புட்டுக்கு முன்னால் வையுங்கள். ஒரு எச்சரிக்கை உண்டு: கிட்டாரின் பிக்கப் நேராக இந்தப் பெட்டிக்குள் வரக் கூடாது. பிக்கப் சில லட்சம் ஓமுக்கு மேல் எதிர்பார்க்கிறது. இந்தப் பெட்டி கொடுப்பது சுமார் 15 ஆயிரம் ஓம்தான். நேராகக் கோத்தால் ட்ரெபிள் செத்து, சத்தமும் மந்தமாகிவிடும். ட்ரூ பைபாஸ் (அணைத்தால் சிக்னலை அப்படியே நேராகக் கடத்தும்) பெடலை அணைத்தால் இந்த நிலைதான் வரும். அதனால் முன்னால் பஃபர் (பிக்கப்பின் மேல் சுமை விழாமல் காக்கும் சர்க்யூட்) உள்ள ஒரு பெடல் எப்போதும் இருக்கட்டும். பாஸ் (Boss) கம்பெனியின் சின்னப் பெடல்களில் பெரும்பாலானவை அணைத்திருக்கும்போதும் பஃபர் வழியாகவே சிக்னலை அனுப்பும். அதில் ஒன்று போதும்.

சின்ன வால்வு ஆம்ப்பை முழுக்க ஏற்றிவைத்து, பவர் வால்வுகளே கரகரக்கும் சத்தத்தில் வாசிக்கிறவர்களுக்கு இந்த முறை உதவாது. அங்கே இனி ஏற இடமே இல்லை.

வாங்க வேண்டியவை

10கே லீனியர் பாட் ஒன்று. அதன் மேல் பி10கே என்று அச்சிட்டிருக்கும். ஏ என்று ஆரம்பித்தால் அது லாக் வகை, இதற்கு வேண்டாம். 4.7கே கால் வாட் ரெசிஸ்டர் இரண்டு. மஞ்சள், ஊதா, சிவப்பு வளையங்கள். கால் இஞ்ச் மோனோ சாக்கெட் இரண்டு. மைக் செட் சாமான் விற்கும் கடையில் பி-38 என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். ஒரு சிவப்பு எல்இடி, பிளாஸ்டிக் உடல் கொண்ட ஒரு டிசி சாக்கெட், கொஞ்சம் மெல்லிய பல இழை வயர்.

கால் சுவிட்ச்சில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு மிதியில் ஆன், மறு மிதியில் ஆஃப் ஆகி அங்கேயே நிற்கும் வகையாக இருக்க வேண்டும். மிதித்திருக்கும் வரை மட்டும் வேலை செய்யும் வகை உதவாது. ஆறு கால் உள்ளது போதும். ஒன்பது கால் உள்ளது கிடைத்தால் அதில் ஒரு வரிசையைச் சும்மா விட்டுவிடலாம்.

பெட்டி உலோகமாக இருக்கட்டும். வார்ப்பு அலுமினியப் பெட்டியை ஆன்லைனில் வாங்கலாம். அது வரும்வரை காத்திருக்க முடியாதென்றால் எலக்ட்ரிக்கல் கடையில், சுவரில் புதைக்கும் இரும்பு சுவிட்ச் பெட்டி கிடைக்கும். அதன் மேல் ஒரு தடித்த அலுமினியத் தகட்டை ஸ்குரூ போட்டு மூடி, அந்தத் தகட்டில் சுவிட்ச்சைப் பொருத்தினால் எத்தனை மிதி மிதித்தாலும் தாங்கும். பிளாஸ்டிக் டப்பா மேடையில் ஒரு சீசன் தாங்காது. ட்யூப்லைட், சீரியல் செட் இரைச்சலையும் அது தடுக்காது.

கேபிள் போக, மொத்தச் செலவு நல்ல கிட்டார் கம்பி ஒரு செட்டின் விலையைத் தாண்டாது.

வயரிங்

பாட்டின் தண்டு உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து வலமாக 1, 2, 3. நடுக்கால் 2 என்பது நகரும் தொடுமுனை.

இன்புட் சாக்கெட்டின் டிப் முனையிலிருந்து (பிளக்கின் நுனியைத் தொடுவது டிப், அதன் உடலைத் தொடுவது ஸ்லீவ்) ஒரு வயர் பாட்டின் 3-ஆம் காலுக்கு. பாட்டின் 2-ஆம் காலிலிருந்து ஒரு வயர் அவுட்புட் சாக்கெட்டின் டிப்புக்கு. 1-ஆம் காலில் 4.7கே ரெசிஸ்டரின் ஒரு முனை; அதன் மறுமுனை கிரவுண்டுக்கு, அதாவது சாக்கெட்டின் ஸ்லீவுக்கு. இரண்டு சாக்கெட்டின் ஸ்லீவையும் ஒரு வயரால் இணைத்துவிடுங்கள். பெட்டியின் உலோகம் தானாகத் தொடும் என்று அதை நம்பியிருக்க வேண்டாம். துருப்பிடித்தால் தொடர்பு போய்விடும்.

இனி சுவிட்ச். ஒரு வரிசையின் நடுக்கால் பாட்டின் 2-க்கு, அதே வரிசையின் ஓரக்கால் ஒன்று பாட்டின் 3-க்கு. ஆடியோ வயரிங் இவ்வளவுதான்.

சுவிட்ச் மூடினால் 2-ம் 3-ம் ஒன்றாகிவிடும். சிக்னல் குறையாமல் முழுசாக அவுட்புட்டுக்குப் போகும், அதுதான் சோலோ. திறந்தால் பாட் குறைத்ததுதான் போகும், அது ரிதம். வழக்கமான பெடல்களில் சுவிட்ச் சிக்னலையே இங்கும் அங்குமாக மாற்றிவிடும். மாறும் கணத்தில் அவுட்புட் எங்கும் ஒட்டாமல் தொங்கும், அப்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் வரலாம். நம் முறையில் அவுட்புட் ஒரு கணம்கூட அறுபடுவதில்லை. அதைவிட முக்கியம், சுவிட்ச் நடுக்கச்சேரியில் செத்துப்போனாலும் கிட்டார் நிற்காது. பெரும்பாலும் ரிதம் வால்யூமில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆயிரம் பேர் முன்னால் மேடையில் நிற்கும்போது இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

4.7கே ரெசிஸ்டர் எதற்கு என்று கேட்கலாம். அது இல்லாவிட்டால் நாப்பை முழுக்க இறக்கும்போது ரிதம் சத்தம் பூஜ்யமாகிவிடும். யாராவது பெட்டியைத் தூக்கி வைக்கும்போது நாப் திரும்பினால் பாட்டு ஆரம்பிக்கும்போது கிட்டார் ஊமையாகிவிடும். ரெசிஸ்டர் இருப்பதால் அதிகபட்சமே சுமார் 10 டெசிபல்தான் குறையும். நாப்பின் முழுச் சுற்றும் உபயோகமான எல்லைக்குள்ளேயே இருக்கும்.

எல்இடிக்கு சுவிட்ச்சின் இரண்டாவது வரிசை. டிசி சாக்கெட்டின் பிளஸ் முனையிலிருந்து இரண்டாவது 4.7கே ரெசிஸ்டர், அதிலிருந்து எல்இடியின் நீளக்கால். குட்டைக்கால் சுவிட்ச்சின் நடுக்காலுக்கு. ஆடியோ வரிசையில் எந்தப் பக்க ஓரக்காலைப் பிடித்தீர்களோ அதே பக்க ஓரக்காலிலிருந்து மைனஸுக்கு. 9 வோல்ட்டில் ஒன்றரை மில்லிஆம்பியர் போல ஓடும், எரிவதற்கு அது தாராளம். சோலோவில் எரியும், ரிதத்தில் அணையும். இந்த எல்இடி சர்க்யூட்டை ஆடியோ கிரவுண்டோடு எங்கும் சேர்க்காதீர்கள். டிசி சாக்கெட் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். தனியாக விட்டுவிட்டால் அடாப்டரின் இரைச்சல் கிட்டாருக்குள் நுழைய வழியே இல்லை. அடாப்டர் இல்லாத இடத்தில் எல்இடி எரியாது, பெட்டி வழக்கம்போல வேலை செய்யும்.

சுவிட்ச்சில் பற்றவைக்கும்போது 25 வாட் சால்டரிங் அயர்ன், ஒரு காலுக்கு இரண்டு மூன்று விநாடி, பிறகு அடுத்த காலுக்குப் போகும் முன் கொஞ்சம் ஆறவிடுங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகினால் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், தொடர்பு மட்டும் விட்டுவிட்டு வரும். எந்தக் கால் எந்த வரிசை என்பதைக் கண்ணால் ஊகிக்காமல், மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து மிதித்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

மீட்டரிலேயே அளவு வைக்கலாம்

மூடியைப் போடும் முன், எதையும் குத்தாமல், மீட்டரை 20கே ஓம் நிலையில் வையுங்கள். சுவிட்ச் ரிதத்தில் இருக்கட்டும். இன்புட்டின் டிப்புக்கும் ஸ்லீவுக்கும் இடையே 14.7கே அளவில் காட்ட வேண்டும். பொட்டன்ஷியோமீட்டரில் 20 சதவீதம் வரை ஏற்றத்தாழ்வு சாதாரணம். 13-ம் வரலாம், 16-ம் வரலாம். வந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சோலோவுக்கு மிதித்து, இன்புட் டிப்புக்கும் அவுட்புட் டிப்புக்கும் இடையே பாருங்கள்: பூஜ்யம் வர வேண்டும்.

மறுபடி ரிதத்துக்கு வந்து, அவுட்புட்டின் டிப்புக்கும் ஸ்லீவுக்கும் மீட்டரை வைத்து நாப்பைத் திருகுங்கள். 4.7கே முதல் மொத்த எண் வரை மாறும். இந்த எண்ணை மொத்தத்தால் வகுத்தால் ரிதம் எவ்வளவு குறைகிறது என்று கிடைத்துவிடும். மொத்தம் 14.7கே என்றால், 10.4-இல் 3 டெசிபல், 9.3-இல் 4 டெசிபல், 7.35-இல், அதாவது சரிபாதியில், 6 டெசிபல். உங்கள் மொத்தம் வேறாக இருந்தால் அதை 0.71, 0.63, 0.5 ஆகியவற்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். இந்த மூன்று இடத்திலும் நாப்பைச் சுற்றி நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள். இருட்டு மேடையில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாலும் தெரியும்.

எது வேண்டும் என்பது இடத்தைப் பொறுத்தது. சபைக்குள், ஆர்கனோ கீபோர்டோ ஒன்றும் பாடகர் குழுவும் மட்டும் என்றால் 3 டெசிபலே போதும். அதற்கு மேல் போனால் ஜெபிக்க வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். குலசை தசரா சமயத்து மேடைகள் போலத் திறந்த வெளியில் முழு ஆர்கெஸ்ட்ராவோடு என்றால் 5 அல்லது 6. அதற்கு மேல் நான் பரிந்துரைப்பதில்லை. சுமார் 10 டெசிபல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படும். சோலோ அவ்வளவு துள்ளிக்கொண்டு வந்தால் அது பாட்டின் பகுதியாக இருக்காது.

ஆம்ப்பின் வாட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். 3 டெசிபல் கூடுவதற்கு ஆம்ப் இரண்டு மடங்கு பவர் கொடுக்க வேண்டும். 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு. 30 வாட் ஆம்ப்பை வைத்துக்கொண்டு 6 டெசிபல் சோலோ வேண்டுமென்றால் உங்கள் ரிதம் ஏழரை வாட்டுக்குள் இருக்க வேண்டும். ரிதத்திலேயே 20 வாட் இழுத்துக்கொண்டிருந்தால் மிதித்ததும் ஆம்ப் மூச்சுமுட்டும். சத்தம் ஏறாது, தட்டையாகும். சின்ன ஆம்ப் என்றால் மைக் வைத்து வெளி பாக்ஸுக்கு விடுவதுதான் வழி.

மேடையில் வைக்கும் வரிசை

சவுண்ட் செக்கில் முதலில் சோலோவுக்கு மிதியுங்கள். முழு குழுவும் வாசிக்கட்டும். சோலோ எவ்வளவு கேட்க வேண்டுமோ அந்த அளவுக்கு ஆம்ப்பின் மாஸ்டரை வையுங்கள். அப்புறம் மிதித்து ரிதத்துக்கு வந்து, பாடகர் பாடும்போது பெட்டியின் நாப்பை மட்டும் தொடுங்கள். இதோடு மாஸ்டரை விட்டுவிடுங்கள். பலர் ரிதத்தை முதலில் வைத்துவிட்டுச் சோலோவைத் தேடுவார்கள்; அப்போது ஆம்ப்பில் ஏற இடமில்லாமல் போய்விடும். தனியாக, வீட்டில் வைத்த அளவு மேடைக்கு ஒத்துவராது.

சென்டிலிருந்து பெட்டிக்கும் பெட்டியிலிருந்து ரிட்டர்னுக்கும் இரண்டு கேபிள் போகும். இரண்டையும் அருகருகே சேர்த்து ஒரு சாணுக்கு ஒரு டேப் சுற்றிவிடுங்கள். தனித்தனியே விரிந்து கிடந்தால் இரண்டின் ஷீல்டும் சேர்ந்து பெரிய வளையமாகி, பக்கத்தில் ஓடும் கரண்ட் வயரின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பிடிக்கும். இந்தப் பெட்டியின் அவுட்புட் மின்தடை குறைவு என்பதால் கேபிள் ஐந்து மீட்டர் இருந்தாலும் ட்ரெபிள் குறையாது.

லூப்பில் டிலே பெடலும் வைத்திருக்கிறீர்கள் என்றால் நம் பெட்டி டிலேக்கு முன்னால் வரட்டும். சோலோ முடிந்து மிதித்ததும், கடைசி ஸ்வரத்தின் எதிரொலி அதே உயரத்தில் ஓடி அடங்கும். கேட்க மிக இயல்பாக இருக்கும். பின்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து பட்டென்று விழும். கம்ப்ரஸர், லிமிட்டர் எதுவும் பெட்டிக்குப் பின்னால் வேண்டாம். நீங்கள் ஏற்றியதை அது அமுக்கிவிடும்.

மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லாமல் இதைச் செய்யாதீர்கள். கிட்டார் திடீரென்று ஏறினால் ஃபேடரை (மிக்ஸரில் அந்தச் சேனலின் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை) இறக்குவது அவர் வேலை. ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை போதும்:

“அண்ணாச்சி, கிட்டாரு பிட்டு வரும்போது நானே கால்ல ஏத்திக்கிடுவேன். ஃபேடரை அப்படியே விட்டுருங்க.”

“சரிடே. ஒருதரம் ஏத்திக் காட்டு, கெய்னைப் பாத்துக்கிடுதேன்.”

அந்த ஒரு தரம் காட்டும்போது அவர் சேனலின் கெய்னை சோலோ உயரத்துக்கு ஒதுக்கிவிடுவார். சேனலில் கம்ப்ரஸர் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ஆம்ப்புக்கு மைக் வைக்காமல் லைன் அவுட்டிலிருந்து வயர் எடுத்தால் இன்னொன்றையும் பாருங்கள்: சில ஆம்ப்களில் லைன் அவுட் லூப்புக்கு முன்னாலேயே பிரிந்துவிடும். அப்போது மேடையில் சோலோ ஏறும், வெளியே ஒரு மாற்றமும் இருக்காது. மிதித்துப் பார்த்து, கீழே ஒருவரை நிறுத்திக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரைச்சல் வருகிறது என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கிட்டார் கம்பி ஆம்ப்பின் பாடியோடு சேர்ந்தது. மைக் இன்னொரு லைனிலிருந்து வருகிறது. ஜெனரேட்டர் ஒரு பக்கம், கம்பத்து லைன் ஒரு பக்கம் என்று ஓடும் மேடையில் எர்த் இல்லாத ஆம்ப்பில் கோளாறு வந்தால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் வைத்து நிற்பவர் வழியாக 230 வோல்ட் போகும். இரைச்சலோடு ஒரு கச்சேரியை முடித்துவிடலாம்.

இரண்டு நீளக் கேபிள் வேண்டாம் என்றால்: ரிலே

மேடை பெரிதாகி ஆம்ப் பின்னாலும் நீங்கள் முன்னாலும் நிற்க வேண்டியிருந்தால், பெட்டியை ஆம்ப்பின் மேலேயே வைத்துவிட்டு, கால் சுவிட்ச்சை மட்டும் ஒரு வயரில் முன்னுக்குக் கொண்டு வரலாம். பெட்டிக்குள் கால் சுவிட்ச் இருந்த இடத்தில் ஒரு சிக்னல் ரிலே (காயிலில் கரண்ட் ஓடினால் மாறும் சுவிட்ச்). ஓம்ரான் ஜி5வி-2 வகையில் 9 வோல்ட் காயில் உள்ளது இதற்குப் பொருத்தம். இரண்டு வரிசைத் தொடர்பும் அதில் உண்டு. இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசரில் வரும் கனத்த ரிலேக்களைப் போட வேண்டாம். அவை பெரிய கரண்டுக்காகச் செய்தவை. கிட்டாரின் சின்ன சிக்னல் அந்தத் தொடர்பில் நாளடைவில் விட்டுவிட்டு வரும். சிக்னல் ரிலேயின் தொடர்பில் தங்கப் பூச்சு இருக்கும்.

ரிலேயின் சாதாரணமாகத் திறந்திருக்கும் தொடர்பு பாட்டின் 2-க்கும் 3-க்கும். 9 வோல்ட் பிளஸ் காயிலின் ஒரு முனைக்கு. மறுமுனை ஒரு மோனோ சாக்கெட்டின் டிப்புக்கு. அதன் ஸ்லீவ் மைனஸுக்கு. இந்த சாக்கெட்டையும் பெட்டியின் உலோகத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டும். பிளாஸ்டிக் சாக்கெட் வாங்குங்கள். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். இந்த டயோடை விட்டுவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் காயிலின் உதறல் ‘டிக்’ என்று ஆம்ப்பில் கேட்கும். முன்னால் வரும் வயரில் இனி ஆடியோ இல்லை, டிசி மட்டுமே. ஸ்பீக்கர் வயராக இருந்தாலும், பத்து மீட்டர் இருந்தாலும் கவலையில்லை. அடாப்டர் நின்றுபோனால் ரிலே விடுபட்டு கிட்டார் ரிதத்துக்கு வந்துவிடும்.

லூப் இல்லாத ஆம்ப்புக்கு

நம் ஊர் மெக்கானிக்குகள் 2030 ஐசி, எல்எம்1875 போட்டுக் கட்டித் தரும் ஆம்ப்களில் லூப் இருக்காது. ஆனால் சேர்ப்பது கஷ்டமில்லை. கட்டியவரிடமே கொண்டு போங்கள். ப்ரீஆம்ப் போர்டிலிருந்து மாஸ்டர் வால்யூமின் மேல் காலுக்குப் போகும் வயரை வெட்டி, ப்ரீஆம்ப் பக்கத்தை சென்ட் சாக்கெட்டின் டிப்புக்கும், ரிட்டர்ன் சாக்கெட்டின் கட்-ஆஃப் காலுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். ரிட்டர்னின் டிப்பிலிருந்து மாஸ்டரின் மேல் காலுக்கு. எதுவும் குத்தாதபோது கட்-ஆஃப் கால் டிப்பைத் தொட்டுக்கொண்டிருப்பதால் ஆம்ப் பழையபடி ஓடும். ப்ரீஆம்ப்பில் 4558 அல்லது டிஎல்072 ஐசி இருந்தால் நம் பெட்டியின் சுமையை அது சிரமமில்லாமல் தாங்கும்.

வால்வு ஆம்ப்பை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை டிசி ஓடும். பிளக்கை உருவிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் அந்த வோல்ட் தங்கியிருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. அதில் பழகியவரிடம்தான் விட வேண்டும்.

பராமரிப்பு

உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் என்று கடலோர மேடைகளில் அடிக்கடி வாசிக்கிறவர்கள் சாக்கெட்டையும் சுவிட்ச்சையும் உப்புக் காற்றிலிருந்து காப்பாற்ற வேண்டும். கச்சேரி முடிந்ததும் பெட்டியைத் துடைத்து ஜிப் உள்ள பிளாஸ்டிக் பையில் போடுங்கள். திசையன்விளைப் பக்கம் தேரி மணல் மாவு மாதிரி நுணுக்கமானது. சுவிட்ச்சின் தண்டு வழியே உள்ளே இறங்கும். தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வாஷர் போட்டுவிட்டால் பெருமளவு தடுக்கலாம். நாப்பைத் திருகும்போது கரகர சத்தம் வந்தால் பாட்டின் உடலிலுள்ள சிறு இடைவெளியில் கான்டாக்ட் கிளீனரை ஒரு முறை அடித்து, நாப்பைப் பத்துப் பதினைந்து தடவை முழுச் சுற்று சுற்றுங்கள். சோலோவுக்கு மிதித்தும் சத்தம் ஏறாமல், அல்லது ஏறி இறங்கித் தடுமாறினால் அது சுவிட்ச்சின் தொடர்பு. கிளீனரில் சரியாகவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். கூடுதலாக ஒரு சுவிட்ச்சும், சென்டிலிருந்து ரிட்டர்னுக்கு நேராகக் குத்த ஒரு சின்ன கேபிளும் கிட்டார் பையில் எப்போதும் இருக்கட்டும்.